பத்தைக் கழித்த காற்று

தொண்டை கெட்டுவிடும் என்பதால் நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலிலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வைத்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவேன். என் வேலை அப்படி. என்ஜின் சத்தத்துக்கும் அலைச் சத்தத்துக்கும் நடுவில் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு இருப்பவனுக்கு, நான் நாற்பது என்று சொன்னால் நாற்பது என்றே போய்ச் சேர வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

சரண்யாதேவி மேடம், நேற்று நீங்கள் இரண்டாவது முறையாக என் ரேடியோ அறைக்கு வந்தீர்கள். விசாரணை அதிகாரியாக முதல் முறை வந்தபோது 'பனிமய ராணி' தோணி குமரிக் கடலில் முழுகியதற்கு முந்தைய சாயங்காலம் நான் வாசித்த வானிலை அறிக்கையின் ஒலிப்பதிவைக் கேட்டீர்கள். வானிலை அலுவலகம் அனுப்பிய புல்லட்டினோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். ஒரு எழுத்து பிசகவில்லை என்று உங்கள் அறிக்கையிலேயே எழுதினீர்கள். விசாரணை முடிந்தது. நேற்று வந்து, அதற்கு முந்தைய வாரங்களின் ஒலிப்பதிவுகள் வேண்டும் என்று கேட்டீர்கள். தேநீரைத் தொடவில்லை. நான் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அவற்றைக் கேட்டு முடிப்பதற்குள் நானே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. பிறர் எழுதினால் எதையாவது மாற்றி எழுதிவிடுவார்கள்.

என் பெயர் ஜீவமணி. சொந்த ஊர் நாசரேத். கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, முத்தையாபுரத்தில் வீடு கட்டிக் குடியேறினேன். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, செங்கல் ஏற்றிப் போகிற சரக்குத் தோணிகளின் முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு கரை ஸ்டேஷன் வைக்க நினைத்தார்கள். என்னைக் கேட்டார்கள். வீட்டு மாடியில் ஆன்டெனாவைக் கட்டி, தூரத்துக்குப் பேசும் எச்.எப். ரேடியோ செட்டை வைத்தோம். கன்னியாகுமரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் செல்போன் செத்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தோணிகளுக்கு உலகத்தோடு இருக்கும் ஒரே பேச்சு இந்த ரேடியோதான்.

புல்லட்டின் ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழில் எழுதி, தினமும் சாயங்காலம் மைக்கில் வாசிப்பேன். ஒவ்வொரு தோணியிலும் தண்டல், அதாவது தோணியின் கேப்டன், செட் முன்னால் உட்கார்ந்து கேட்பான். காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கீழே என்றால் போய்க்கொண்டே இருப்பான். ஐம்பதைத் தாண்டினால் பக்கத்தில் எங்கே ஒதுங்கலாம் என்று பார்ப்பான். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லாத் தண்டல்களுக்கும் அதுதான் கணக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு தோணி, நான் வாசித்த காற்றை நம்பிப் போய், அதைவிடப் பெரிய காற்றில் மாட்டிக்கொண்டது. பாய்மரம் முறிந்து விழுந்து ஒருவருக்கு இடுப்பு போயிற்று. புல்லட்டினில் தப்பில்லை. கடல் சில நேரம் சொன்னபடி கேட்காது, அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து நான் எந்தக் காற்றை வாசித்தாலும் பத்தைக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தேன். முப்பது என்றால் நாற்பது, நாற்பது என்றால் ஐம்பது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பத்துக்கு மதிப்பு இருக்காது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வீட்டுக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கிறோமே, அந்த மாதிரிதான். தோணிகள் சில நாள் தேவையில்லாமல் ஒதுங்கின. வெங்காயம் அழுகியது என்று முதலாளிகள் முணுமுணுத்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. வருஷங்கள் போயின, ஒரு தோணியும் போகவில்லை.

இனி டிக்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'பனிமய ராணி'யின் தண்டல். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சிரித்த முகம், கெட்டிக்காரன். ரேடியோவில் எல்லாரும் 'ஓவர்' என்று முடித்தால், இவன் மட்டும் 'சரி அண்ணாச்சி, சாப்டாச்சா' என்று முடிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும் என்றே நினைத்திருந்தேன்.

போன அக்டோபரில் அவன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. விருந்துக்குக் கூப்பிட்டான். வெள்ளை உடுப்பும் தலையில் பூக்கிரீடமுமாக அந்தக் குழந்தை வாசலில் நின்று எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னது. பந்தியில் என் பக்கத்தில் தண்டல்கள், எதிரில் டிக்சன். அவன் மனைவி இசபெல்லா பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். யாரோ என் வயதைக் கேட்டார்கள். அறுபத்தொன்று என்றேன்.

"அப்ப அம்பத்தொண்ணுன்னு வைங்க," என்றான் டிக்சன்.

பந்தி முழுக்கச் சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தண்டல், "அண்ணாச்சிக்கு எத்தனை பிள்ளைய? மூணா? பத்தைக் கழிச்சா ஏழு பாக்கி தரணுமே," என்றான். மறுபடியும் சிரிப்பு. ஒருவனுக்குப் புரையேறிவிட்டது.

"ஏங்க, சும்மா இருங்க. அண்ணாச்சி தப்பா எடுத்துக்கிடப் போறாரு," என்றாள் இசபெல்லா. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு? அண்ணாச்சிக்கு நம்ம மேல பாசம். அதனால பத்தைக் கூட்டுதாரு. நாம கேட்டுட்டுப் பத்தைக் கழிச்சுக்கிடுதோம். ரெண்டு பேருக்கும் திருப்தி," என்றான் டிக்சன்.

மாலே துறைமுகத்தில் பக்கத்தில் நின்ற ஒரு கப்பல்காரன் அச்சடித்த புல்லட்டினை அவனுக்குக் காட்டியிருக்கிறான். நான் வாசித்ததும் அதுவும் பத்து வித்தியாசம். அடுத்தடுத்த பயணங்களிலும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். எப்போதும் அதே பத்து. எல்லாத் தண்டல்களுக்கும் சொல்லிவிட்டான். 'அண்ணாச்சி காத்துல பத்தைக் கழிச்சிரு' என்பது தோணிக்குப் புதிதாக வருகிறவனுக்கும் சொல்லித் தரும் வழக்கமாகிவிட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு, மூணு சீசன்," என்றான். என் இலையில் ஒரு முட்டையை எடுத்து வைத்தான்.

நானும் சிரித்தேன். முட்டையையும் சாப்பிட்டேன். அவன் குத்திக்காட்டவில்லை, கேலியில் விஷம் இல்லை என்பதை இப்போதும் சொல்கிறேன். நிதானமாகப் பார்த்தால் ஏற்பாட்டிலும் ஒரு குறையும் இல்லை. நான் கூட்ட, அவர்கள் கழிக்க, தோணிக்குச் சரியான காற்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது மனசு ஆறவில்லை. மூன்று சீசனாக நான் தொண்டையைக் காப்பாற்றி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசிக்க, அங்கே ஏழெட்டுத் தோணிகளில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் என்று சொல்ல மாட்டேன். அவமானம். கப்பலில் இருந்த காலத்தில் கேப்டன்கூட என் சொல்லை மறுத்துப் பேசியதில்லை.

அடுத்த நாள் மைக்கைத் திறந்ததும் ஒரு குரல், "பத்து அண்ணாச்சி, குட் ஈவினிங்," என்றது. யார் என்று தெரியவில்லை. பின்னால் வேறு இரண்டு தோணிகளிலிருந்து மைக்கை அமுக்கிச் சிரித்தார்கள். நான் "குட் ஈவினிங், ஓவர்," என்று சொல்லிவிட்டு அறிக்கையை வாசித்தேன். பத்தைக் கூட்டித்தான் வாசித்தேன்.

இங்கே நீங்கள் ஒன்று கேட்பீர்கள். விஷயம் தெரிந்த பிறகு, 'இனி நான் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன், யாரும் கழிக்க வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. யோசித்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் இத்தனை வருஷம் தப்பாக வாசித்தேன் என்று நானே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். முதலாளிகள் என்னை வைத்திருக்க மாட்டார்கள். தண்டல்கள் இன்னும் சிரிப்பார்கள். அதனால் சொல்லாமலே சரியாக வாசிக்கத் தொடங்குவது என்று முடிவு செய்தேன். அவர்கள் தாங்களாகக் கற்றுக்கொள்ளட்டும்.

எப்போது தொடங்குவது என்பதுதான் கேள்வி. உங்களிடம் உள்ள ஒலிப்பதிவுகளில் நவம்பர் கடைசி வரை பத்தைக் கூட்டித்தான் வாசித்திருக்கிறேன். அந்த வாரங்களில் காற்று இருபது, இருபத்தைந்து என்றுதான் இருந்தது. இருபதை இருபது என்று வாசித்து, அவர்கள் அதைப் பத்தாக்கிக்கொண்டால் யாருக்கும் எதுவும் புரியப் போவதில்லை. ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு காற்று வேண்டியிருந்தது. கழித்தால் ஐம்பதுக்குக் கீழே போகிற காற்று. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்று எழுதினால் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. பொறுமையாக இருந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலையில் இரண்டு தோணிகள் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பின. அன்று கடலில் இருந்தவை அவை மட்டும்தான். ஒன்று டிக்சனின் 'பனிமய ராணி', அவனையும் சேர்த்து ஏழு பேர். இன்னொன்று 'எபனேசர்'. அதன் தண்டல் சுந்தர்சிங், என் மனைவி ஜெனிலாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் தோணியில் போகும் ஒரே ஆள். காலைப் புல்லட்டினில் காற்று நாற்பதுக்கு மேல் இல்லை. மதியம் வந்ததில் நிலைமை மாறியிருந்தது. குமரிக் கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை வலுவாகிவிட்டது. இரவு முதல் காற்று மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.

அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கப்படி அறுபத்தைந்து என்று வாசித்தால் டிக்சன் பத்தைக் கழித்து ஐம்பத்தைந்து என்று எடுத்துக்கொள்வான். குளச்சலுக்கு ஒதுங்குவான். ஐம்பத்தைந்து என்றே வாசித்தால் நாற்பத்தைந்து என்று எடுத்துக்கொள்வான். நேராகப் போவான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். எனக்கு நன்றாகவே புரிந்தது.

சாயங்காலம் செட்டைப் போட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தேன். கீழே ஜெனிலா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுத் தோணியைக் கூப்பிட்டேன்.

"கேக்குது அண்ணாச்சி, சொல்லுங்க," என்றான் டிக்சன். கன்னியாகுமரியைத் தாண்டிவிட்டான் என்றும் வானம் கறுத்துக் கிடக்கிறது என்றும் சொன்னான்.

வாசித்தேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. முடித்ததும் டிக்சன் கேட்டான்.

"அம்பத்தஞ்சா அண்ணாச்சி?"

"ஐம்பத்தைந்து."

"எப்பவும் போலத்தான சொல்லுதீங்க?"

ஒலிப்பதிவில் இந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. சிக்னல் மங்கியது என்று நீங்கள் குறித்திருந்தீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. என் விரல் மைக்கின் பட்டனில் இருந்தது. பட்டனை அமுக்கி, 'இல்ல டிக்சன், இன்னைக்குக் கூட்டல' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த வார்த்தை வாய் வரை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பந்தியில் எல்லாரும் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"புல்லட்டின்ல உள்ளதத்தான் வாசிக்கேன். ஓவர்."

"சரி அண்ணாச்சி. அப்ப குளச்சல்ல ஒதுங்க வேண்டாம். காய்கறி ஏத்தியிருக்கு, அழுகிரும். ஓடிப் போயிருதோம். சாப்டாச்சா?"

"இனிமேத்தான்," என்றேன். செட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கீழே போனேன். தோசையும் தேங்காய்ச் சட்னியும். இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை.

அன்று ராத்திரி என் மனதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். தோணி நன்றாக ஆடும். காய்கறி நனையும். இரண்டு நாள் எவனுக்கும் தூக்கம் இருக்காது. டிக்சன் பயந்து திரும்பி வந்து, தண்டல்கள் எல்லாரும் நிற்கும்போது என்னிடம், 'மன்னிச்சிருங்க அண்ணாச்சி, இனி கழிக்க மாட்டேன்' என்று சொல்வான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். 'பரவாயில்லப்பா, விடு' என்று.

காலையில் வெளிச்சம் வந்ததும் அவனே கூப்பிட்டான். அந்தப் பேச்சு பதிவாகவில்லை. அறிக்கை வாசிக்கும் நேரத்தை மட்டும் பதிவு செய்வதுதான் எங்கள் ஏற்பாடு.

"அண்ணாச்சி, காத்து அம்பத்தஞ்சுக்குக் கொறையாம அடிக்கு. பம்பு தாங்கல. தண்ணி ஏறுது."

"அதானே சொன்னேன்," என்றேன்.

இரைச்சல். பின்னால் யாரோ ஜெபம் சொல்வது கேட்டது.

"கழிக்க வேண்டாத கணக்கா சொன்னீங்க?"

நான் இடத்தைக் குறிக்கப் பென்சிலை எடுத்தேன்.

"ஏன் அண்ணாச்சி?" என்றான். கத்தவில்லை, திட்டவில்லை. கடையில் சாமான் விலை ஏறிவிட்டால் கேட்பார்களே, அப்படிக் கேட்டான். மேடம், அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

"ஒன் எடத்தச் சொல்லு டிக்சன். கோஸ்ட் கார்டுக்குச் சொல்லணும்," என்றேன்.

சொன்னான். எண்களைத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நானே சொல்லியிருந்தால் எப்படிச் சொல்வேனோ அப்படி. நான் உடனே கடலோரக் காவல்படைக்குத் தகவல் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை, அதற்காக என்னைப் பாராட்டினார்கள். திரும்பி வந்து செட்டில் கூப்பிட்டபோது 'பனிமய ராணி' பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை. கப்பலும் விமானமும் தேடியதில் ஒரு பலகையும் இரண்டு நீலப் பீப்பாயும் கிடைத்தன. ஆள் யாரும் கிடைக்கவில்லை.

இசபெல்லா ஒரு நாள் வந்தாள். அவர் கடைசியாகப் பேசியதைக் கேட்க முடியுமா என்றாள். போட்டுக் காட்டினேன். 'சாப்டாச்சா' என்ற இடம் வந்ததும் செட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க அண்ணாச்சி. இவுகதான் கேக்கல," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே வந்தது. அவளைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவள் அப்போது தெம்பாக எழுந்து போகிற நிலையில் இருந்தாள், கெடுக்க மனம் வரவில்லை.

இப்போது யாரும் கழிப்பதில்லை. நான் ஐம்பது என்றால் ஐம்பது. அறிக்கை வாசிக்கும்போது சேனலில் மூச்சுச் சத்தம் கேட்காது. 'பத்து அண்ணாச்சி' என்ற பேச்சும் நின்றுவிட்டது. இந்த சீசனில் மட்டும் மூன்று தோணிகள் சரியான நேரத்தில் ஒதுங்கிப் பிழைத்திருக்கின்றன. இதையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சரியானதைச் சரியாக வாசித்தது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். ஒன்றாகக் கிளம்பிய இரண்டில் 'எபனேசர்' மட்டும் அன்று மாலைக்கு முன்பே, கன்னியாகுமரிக்கு இந்தப் பக்கம் உள்ள சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒதுங்கியது ஏன் என்று. பம்பு பழுது என்று சுந்தர்சிங் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். பம்பில் ஒரு பழுதும் இல்லை. அவன் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னான். கிறிஸ்துமஸுக்குக்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஜெனிலா என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அன்று மதியம், புல்லட்டினைப் பார்த்த கையோடு, நான் சுந்தர்சிங்குக்குப் போன் செய்தேன். இரண்டு தோணிகளும் அப்போது கரையை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேருக்கும் சிக்னல் இருந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் கூட்டாமத்தான் வாசிக்கப் போறேன். நீ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காத. பேசாமச் சின்னமுட்டத்துல ஒதுங்கிரு," என்றேன்.

"டிக்சனுக்குச் சொல்லியாச்சா அத்தான்?" என்று கேட்டான்.

"அவனுக்கு நான் சொல்லிக்கிடுதேன்," என்றேன்.

அவன் நம்பித் தோணியைக் கட்டிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, கரையில் சாப்பிடப் போய்விட்டான். டிக்சனின் நம்பரும் என் போனில் இருந்தது. அவனுக்கு நான் போன் செய்யவில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்குத் தெரியக்கூடாது என்று நான் நினைத்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவன் வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.